பெயர் யாருடையது, பயன் யாருடையது? அரசு ஒப்பந்தங்களும் பதவியில் இருப்போரின் சொந்த லாபமும்

தனி ஊராட்சிகளின் தலைவர்களுக்காக நாங்கள் நடத்தும் வழக்குகளில் ஒரே மாதிரியான கோப்பு திரும்பத் திரும்ப வருகிறது. மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியிருப்பார். போடாத சாலைக்கும் பாதியில் நின்ற கால்வாய்க்கும் பணம் வழங்கப்பட்டிருக்கும். காசோலையில் தலைவரின் கையெழுத்து இருக்கும். தலைவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண்ணாக இருப்பார். வேலையை எடுத்தவரோ துணைத்தலைவரின் மைத்துனராகவோ, முன்னாள் தலைவரின் மகனாகவோ இருப்பார். பணம் எந்த வீட்டுக்குப் போனது என்பது ஊருக்கே தெரியும். கோப்பில் மட்டும் அந்த வீட்டைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

பொதுப் பதவியில் இருப்பவர் அரசு ஒப்பந்தத்தில் சொந்த லாபம் பார்க்கக் கூடாது என்பதற்குச் சட்டங்கள் உண்டா என்று மாணவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. ஒன்றல்ல, பல சட்டங்கள் உண்டு. ஆனால் அவற்றில் சில 'ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது?' என்று மட்டுமே கேட்கின்றன. வேறு சில 'பயன் யாருக்குப் போகிறது?' என்று கேட்கின்றன. சாதி அதிகாரம் பெயர் போடாமல் இயங்கக்கூடியது. ஆகவே முதல் வகைச் சட்டம் அதைத் தொடுவதில்லை; கையெழுத்துப் போட வைக்கப்பட்டவரையே பிடிக்கிறது. எந்தச் சட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும், அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

1782 முதல் 1951 வரை: விரிந்த வலை

அரசுக்குப் பொருள் விற்பவர் அந்த அரசைக் கண்காணிக்கும் அவையில் அமரக் கூடாது என்ற விதி பழையது. 1782இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசு ஒப்பந்ததாரர்களை மக்களவையிலிருந்து விலக்கியது. ஒப்பந்தம் நேரடியாக இருந்தாலும் மறைமுகமாக இருந்தாலும், உறுப்பினரின் சொந்தப் பெயரில் இருந்தாலும் அவருடைய நன்மைக்காக இன்னொருவர் பெயரில் இருந்தாலும் தகுதியிழப்பு உண்டு என்று அச்சட்டம் கூறியது. பினாமி என்ற சொல் அதில் இல்லை. பினாமியைப் பிடிக்கும் வலை இருந்தது.

சுதந்திர இந்தியா தன் முதல் தேர்தல் சட்டத்தை எழுதியபோது அதே வலையை எடுத்துக்கொண்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் பிரிவு 7(டி), ஒருவர் தாமாகவோ, தம் பொருட்டு அல்லது தம் நன்மைக்காக வேறொருவர் மூலமாகவோ, அரசுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்திலோ அரசு மேற்கொள்ளும் வேலைகளுக்கான அல்லது சேவைகளுக்கான ஒப்பந்தத்திலோ பங்கு அல்லது அக்கறை உடையவராக இருந்தால் அவர் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்றது. 'பங்கு', 'அக்கறை', 'நன்மைக்காக' ஆகிய மூன்று சொற்களில்தான் அந்தப் பிரிவின் உயிர் இருந்தது.

பண்டாரா: ஒரே தீர்ப்பில் இரண்டு கேள்விகள்

இந்தப் பிரிவு உச்ச நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்ட முக்கிய வழக்கு, சதுர்புஜ் விட்டல்தாஸ் ஜசானி எதிர் மோரேஷ்வர் பரசுராம். 1954இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி விவியன் போஸ். தலித் இயக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

பண்டாரா, இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள ஊர். முதல் பொதுத்தேர்தலில் அது இரட்டை உறுப்பினர் நாடாளுமன்றத் தொகுதி: ஒரு பொது இடம், ஒரு தனி இடம். பொது இடத்தில் வென்ற ஜசானி, ஒரு பீடி நிறுவனத்தின் பங்குதாரர். அந்த நிறுவனத்தின் பீடிகள் இராணுவ உணவக அங்காடிகள் வழியாகப் படைவீரர்களுக்கு விற்க அரசுக்கு வழங்கப்பட்டு வந்தன. அரசமைப்புச் சட்டம் வகுத்த முறையான வடிவில் ஒப்பந்தம் எழுதப்படவில்லை, ஆகவே அது ஒப்பந்தமே அல்ல என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரக்கு ஒப்படைக்கப்பட்ட உடனே ஒப்பந்தம் முடிந்துவிடுவதில்லை, இரு தரப்பும் தம் கடமையை முடிக்கும்வரை, அதாவது அரசு பணத்தைக் கொடுத்துத் தீர்க்கும்வரை அது உயிரோடிருக்கிறது என்றும் கூறியது. ஜசானி தகுதியிழந்தார்.

அதே வழக்கில் இன்னொரு கேள்வியும் இருந்தது. தனி இடத்துக்கு மனுச் செய்த கங்காராம் தாவரே, மகர் சமூகத்தில் பிறந்து மகானுபாவ பந்தத்தில் சேர்ந்தவர். அதனால் அவர் பட்டியல் சாதியினர் அல்லர் என்று கூறி அவருடைய வேட்புமனு நிராகரிக்கப்பட்டிருந்தது. புதிய நெறியில் சேர்ந்த பின்னும் அவர் சமூகம் அவரை எப்படி நடத்தியது, அவர் தம்மை எப்படிக் கருதினார் என்று நடைமுறையைப் பார்த்த நீதிமன்றம், அவர் மகராகவே தொடர்ந்தார் என்று முடிவுசெய்தது. மனு நிராகரிக்கப்பட்டது தவறு என்பதால் அந்தத் தேர்தலே செல்லாததாயிற்று. அதே 1954இல் பண்டாராவில் நடந்த இடைத்தேர்தலில் தனி இடத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றவர் புரட்சியாளர் அம்பேத்கர்.

இரண்டு கேள்விகளுக்கும் நீதிமன்றம் ஒரே முறையில் விடை தேடியது. ஒப்பந்தமா இல்லையா என்பதைத் தாளின் வடிவத்தை வைத்துத் தீர்மானிக்கவில்லை. பட்டியல் சாதியா இல்லையா என்பதை நெறியின் பெயரை வைத்துத் தீர்மானிக்கவில்லை. நடைமுறையில் என்ன இருக்கிறது என்று பார்த்தது. நம் வழக்குகளில் நாம் நீதிமன்றங்களிடம் கேட்பதும் இதையே.

1958க்குப் பின்: சுருங்கிய வலை

நான்கே ஆண்டுகளில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை மாற்றியது. 1958 திருத்தத்தில் 'பங்கு', 'அக்கறை', 'நன்மைக்காக வேறொருவர் மூலம்' ஆகிய சொற்கள் போயின. சேவைகளுக்கான ஒப்பந்தங்களும் விடுபட்டன. 1966 திருத்தத்தின் வழியாக அது இன்று நாம் காணும் பிரிவு 9ஏ ஆனது. அதன்படி, ஒருவர் தம் தொழில் அல்லது வணிகத்தின் போக்கில் உரிய அரசுடன் தாமே செய்துகொண்ட ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் மட்டுமே, அது நடப்பில் இருக்கும்வரை மட்டுமே, தகுதியிழப்பு உண்டு. ஒப்பந்தமும் இரண்டே வகையாக இருக்க வேண்டும்: பொருள் வழங்குதல் அல்லது அரசு மேற்கொள்ளும் வேலையை நிறைவேற்றுதல். ஒப்பந்ததாரர் தம் பங்கை முழுவதும் முடித்துவிட்டால், அரசு பணம் தராமல் பாக்கி வைத்திருந்தாலும் ஒப்பந்தம் முடிந்ததாகவே கருதப்படும் என்று ஒரு விளக்கமும் அந்தப் பிரிவில் இருக்கிறது. பண்டாரா தீர்ப்பு சொன்னதற்கு நேர் எதிரானது அது.

இதன் விளைவை எளிதாகச் சொல்லலாம். சட்டமன்ற உறுப்பினரின் பெயரில் சாலை ஒப்பந்தம் இருந்தால் பதவி போகும். அவருடைய மனைவி, தம்பி, ஓட்டுநர், கட்சிக்காரர் பெயரில் இருந்தால் இந்தப் பிரிவு பேசாது.

ஒப்பந்தத்தின் வகையைக் குறுக்கியதன் விளைவும் பெரிது. அரசு நிலத்தில் கனிமம் எடுக்கும் குத்தகை 9ஏ பிரிவின் கீழ் வராது என்று 2001இல் கர்தார் சிங் பதானா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. குத்தகைதாரர் தம் வேலையைத்தான் செய்கிறார், அரசின் வேலையைச் செய்யவில்லை என்பது அதன் தருக்கம். 2022இல் ஜார்க்கண்ட் முதலமைச்சர் ஹேமந்த் சோரன்மீது ஒரு கல்குவாரிக் குத்தகை தொடர்பாக இதே பிரிவின் கீழ்ப் புகார் எழுந்தது. தேர்தல் ஆணையம் ஆளுநருக்குக் கருத்து அனுப்பியது. ஆனால் அந்தக் கருத்து வெளியிடப்படவில்லை. ஓர் ஆதிவாசி முதலமைச்சரின் தலைமேல் மாதக்கணக்கில் அந்த உறை தொங்கியது. பெரிய லாபத்தைப் பிடிக்க முடியாத பிரிவு, அரசியல் மிரட்டலுக்கு மட்டும் பயன்பட முடியும் என்பதை அது காட்டியது.

அமைச்சர்கள்: சட்டம் ஆகாத நடத்தை விதி

அமைச்சர்களுக்கென ஒரு நடத்தை விதித் தொகுப்பு உண்டு. பதவியேற்குமுன் சொத்துகளையும் வணிக நலன்களையும் தெரிவிக்க வேண்டும். தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும். அரசுக்குப் பொருளோ சேவையோ வழங்கும் தொழிலைக் குடும்பத்தினர் தொடங்காமலும் அதில் பங்கேற்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுச் சொத்தை வாங்கக் கூடாது. நல்ல விதிகள்தாம். அவற்றின் சட்ட மதிப்பு என்ன என்பதை டான்சி வழக்கு காட்டியது.

தமிழ்நாடு சிறுதொழில் கழகத்துக்குச் சொந்தமான கிண்டி நிலத்தை 1992இல் ஜெயா பப்ளிகேஷன்ஸ் நிறுவனம் வாங்கியது. அதன் பங்குதாரர்களுள் ஒருவர் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா. 2000 அக்டோபரில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதிசெய்தது.

அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 169. குறிப்பிட்ட சொத்தை வாங்கக் கூடாது என்று சட்டப்படி கட்டுப்பட்ட அரசு ஊழியர், அதைத் தம் பெயரிலோ, இன்னொருவர் பெயரிலோ, பிறருடன் கூட்டாகவோ வாங்கினாலும் ஏலம் கேட்டாலும் குற்றம். பினாமியைத் தெளிவாகப் பிடிக்கும் பிரிவு இது. ஆனால் 'சட்டப்படி கட்டுப்பட்ட' என்ற நிபந்தனையில் வழக்கு நின்றது. நடத்தை விதிகளுக்குச் சட்ட வலிமை இல்லை, ஆகவே அவற்றை மீறுவது இந்தப் பிரிவின் கீழ்க் குற்றமாகாது என்றது உச்ச நீதிமன்றம். நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதை அவருடைய மனசாட்சிக்கு விட்டது. சட்டத்தில் இருக்க வேண்டிய தடையை ஆட்சியாளரின் மனசாட்சியில் தேட வேண்டிய நிலை இப்படித்தான் வந்தது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே பிரிவு 203ஆம் எண்ணில் இருக்கிறது. அரசு ஊழியர் சட்டவிரோதமாக வணிகம் செய்வதைத் தண்டிக்கும் பழைய பிரிவு 168, இன்று பிரிவு 202. எண்கள் மாறின, 'சட்டப்படி கட்டுப்பட்ட' என்ற நிபந்தனை மாறவில்லை. அமைச்சர்களுக்கான நடத்தை விதி இன்றும் சட்டமாகவில்லை.

அரசு ஊழியர்களின் நிலை வேறு. அவர்களுடைய நடத்தை விதிகளுக்குச் சட்ட வலிமை உண்டு. மத்திய குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964இன் விதி 4, குடும்ப உறுப்பினர் வேலை பார்க்கும் அல்லது அக்கறை கொண்டுள்ள நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்கும் முடிவை ஊழியர் எடுக்கக் கூடாது, மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறது. ஒரு கீழ்நிலை எழுத்தரைக் கட்டுப்படுத்தும் அளவுக்குக்கூட ஒரு அமைச்சரைச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை.

ஊழல் தடுப்புச் சட்டம்: 2018இல் இழந்தது

ஊழல் தடுப்புச் சட்டம், 1988இன் பிரிவு 13(1)(டி), பதவியைத் தவறாகப் பயன்படுத்தித் தமக்கோ வேறு எவருக்குமோ பண ஆதாயம் பெற்றுத் தருவதைக் குற்றமாக்கியிருந்தது. மருமகனுக்கு ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தவரைப் பிடிக்க இந்தப் பிரிவு உதவியது. 2018 ஜூலை 26 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இதை நீக்கியது. பிரிவு 13இல் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டு: ஒப்படைக்கப்பட்ட சொத்தைக் கையாடுதல், வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்தல். மற்றவற்றுக்குப் பிரிவு 7இன் கீழ், முறையற்ற ஆதாயம் பெறப்பட்டதையோ பெற முயன்றதையோ, அது கடமையை முறைகேடாகச் செய்வதோடு தொடர்புடையது என்பதையும் நிறுவியாக வேண்டும். ஒப்பந்தம் உறவினருக்குப் போனது என்பது மட்டும் போதாது.

அதே திருத்தம் பிரிவு 17ஏயையும் சேர்த்தது. அரசு ஊழியர் தம் பணியில் எடுத்த முடிவு அல்லது செய்த பரிந்துரை தொடர்பான குற்றமென்றால், காவல் துறை விசாரணையைத் தொடங்கவே அரசின் முன் அனுமதி வேண்டும். கையும் களவுமாகப் பிடிக்கும்போது மட்டும் அது தேவையில்லை. ஒப்பந்தம் வழங்குவது எப்போதும் ஒரு முடிவு. ஆகவே ஒப்பந்த ஊழலுக்கு எப்போதும் இந்தப் பூட்டு உண்டு.

ஊராட்சி: சட்டம் நல்லது, கையெழுத்து யாருடையது?

நமக்கு மிக நெருக்கமான களம் ஊராட்சி. 73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடப்புக்கு வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் ஊராட்சிகளில் இடஒதுக்கீடு அதன் வழியாக வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அதைத் தொடர்ந்து இயற்றப்பட்டது.

சட்டமன்றத் தேர்தல் சட்டம் கைவிட்ட 'அக்கறை' என்ற சொல்லை ஊராட்சிச் சட்டம் கைவிடவில்லை. ஊராட்சியுடன் நடப்பில் உள்ள ஒப்பந்தத்திலோ ஊராட்சிக்காக நடக்கும் வேலையிலோ அக்கறை உடையவர் போட்டியிடத் தகுதியற்றவர் என்பது பிரிவு 37. உறுப்பினரான பின் அத்தகைய அக்கறையைப் பெற்றவர் பதவியை இழப்பார் என்பது பிரிவு 38. ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் உறவு மட்டும் அக்கறை ஆகிவிடாது. 1966இல் குலாம் யாசின் கான் வழக்கில், மகன் நகராட்சியில் வேலை பார்த்தான் என்பதற்காகத் தந்தையின் வேட்புமனுவை நிராகரித்தது தவறு என்றது உச்ச நீதிமன்றம். பணம் சார்ந்த தொடர்பு காட்டப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 'ஒப்பந்ததாரர் துணைத்தலைவரின் மைத்துனர்' என்று எழுதி மனுவை முடித்துவிட்டால் வழக்கு தோற்கும். மைத்துனரின் கணக்கிலிருந்து துணைத்தலைவரின் கணக்குக்கோ, நிலத்துக்கோ, டிராக்டருக்கோ பணம் போன தடத்தைக் காட்டினால் வழக்கு நிற்கும்.

இனி கையெழுத்துக்கு வருவோம். பிரிவு 188இன்படி ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். முறைகேட்டைத் தடுக்க இரு கையெழுத்து என்பது காகிதத்தில் நியாயமானது. தனி ஊராட்சியில் அது வேறு வேலை செய்கிறது. தலைவர் பதவிதான் ஒதுக்கீட்டில் வருகிறது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பான்மை உறுப்பினர்கள் ஆதிக்கச் சாதியினராக இருக்கும் ஊரில் துணைத்தலைவரும் அவர்களில் ஒருவரே. அவர் கையெழுத்திட மறுத்தால் குடிநீர் மோட்டாருக்கும் தூய்மைப் பணியாளர் கூலிக்கும் பணம் நின்றுபோகும். தமக்கு வேண்டிய ஒப்பந்ததாரருக்குத் தலைவர் கையெழுத்திடும்வரை அவர் மறுக்கலாம். டிஜிட்டல் கையொப்பக் கருவி வந்துவிட்ட இடங்களிலும் கேள்வி ஒன்றுதான்: தலைவரின் கருவி யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது?

பின்னர் புகார் வெடிக்கும்போது பிரிவு 205 வருகிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய தலைவரை நீக்க ஆட்சியருக்கு அதிகாரம் தரும் பிரிவு இது. அறிவிப்பு, விளக்கம், பிறகு வட்டாட்சியர் கூட்டும் கூட்டத்தில் உறுப்பினர்களின் கருத்து, அதன்பின் ஆட்சியரின் முடிவு. தலைவரைக் கையெழுத்திட வைத்த அதே உறுப்பினர்கள், அவரை நீக்கலாமா என்று கருத்துச் சொல்லும் இடத்தில் அமர்கிறார்கள்.

இதன் பின்னால் உள்ள வரலாற்றை மறக்கக் கூடாது. தனி ஊராட்சியாக்கப்பட்ட மேலவளவின் தலைவர் முருகேசனும் மற்ற ஐவரும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை தனி ஊராட்சித் தேர்தல் நடக்க விடப்படவில்லை. நடந்தாலும் வென்றவர் உடனே பதவி விலக வைக்கப்பட்டார். நாற்காலிக்காக மட்டும் யாரும் இவ்வளவு தூரம் போவதில்லை. ஊரின் பொதுப் பணத்தையும் பொதுச் சொத்தையும் யார் பங்கிடுவது என்பதே நாற்காலியின் பொருள். கொலை செய்து தடுக்க முடியாத இடத்தில், தலைவரைக் கையெழுத்துக் கருவியாக வைத்துக்கொள்வது அடுத்த வழியாயிற்று.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தரும் சாவி

இங்கே நாம் போதிய அளவு பயன்படுத்தாத ஒரு பிரிவு உண்டு. 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எம்), ஊராட்சியிலோ நகராட்சியிலோ உறுப்பினராகவோ தலைவராகவோ உள்ள பட்டியல் சாதி, பழங்குடியினரை அவர்தம் வழக்கமான கடமைகளைச் செய்யவிடாமல் வற்புறுத்துவதையும் மிரட்டுவதையும் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பிரிவு 18ஏயின்படி முதல் தகவல் அறிக்கை பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை.

வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்குவதும், குறிப்பிட்ட ஒப்பந்ததாரருக்கு வேலை தரும்வரை மற்றக் காசோலைகளை நிறுத்துவதும், கையொப்பக் கருவியைப் பறித்து வைத்துக்கொள்வதும் நிர்வாகத் தகராறுகள் அல்ல. இந்தப் பிரிவின் கீழ்ப் புகார் செய்யத்தக்க செயல்கள். ஒப்பந்தச் சட்டங்கள் பெயரில்லாதவரைத் தேடித் திணறும் இடத்தில், இந்தப் பிரிவு மிரட்டியவரை நேரடியாகக் கேட்கிறது.

என்ன செய்யலாம்?

எங்கள் அனுபவத்தில் பயன்பட்ட வழிமுறைகளை வரிசையாகத் தருகிறோம்.

1. ஆவணங்களைப் பெறுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், அளவுப் புத்தகம், பணம் வழங்கிய விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பிரிவு 2(ஜெ)யின்படி வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை உண்டு. சிமென்ட் சாலையின் ஒரு துண்டு பல பக்க வாதத்தைவிட வலிமையானது.

2. பெயருக்குப் பின்னால் பாருங்கள். பங்குதாரர் நிறுவனமென்றால் நிறுவனப் பதிவாளரிடம் உள்ள பதிவேட்டைப் பார்வையிடலாம். கம்பெனி என்றால் இயக்குநர்களின் விவரம் பொதுவில் கிடைக்கும். வில்லங்கச் சான்று நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காட்டும்.

3. கிராம சபையில் கேளுங்கள். கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படுவதை உறுதிசெய்யுங்கள். நாளை நீதிமன்றத்தில் ஊரின் அறிவுக்குச் சான்று அதுவே.

4. தலைவர் வற்புறுத்தப்பட்டால், கையெழுத்திடுவதற்கு முன்பே எழுத்தில் மறுப்பைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒப்புகையுடன் கூடிய பதிவஞ்சலில் அனுப்பட்டும். அறிவிப்பு வந்த பிறகு சொல்லப்படும் மிரட்டலைவிட, முன்பே எழுதப்பட்ட ஒரு பக்கம் ஆயிரம் மடங்கு மதிப்புடையது.

5. சரியான கதவைத் தட்டுங்கள். சட்டமன்ற உறுப்பினரின் தகுதியிழப்புக் கேள்வியை அரசமைப்புச் சட்டத்தின் 192ஆவது உறுப்பின்படி ஆளுநரும், நாடாளுமன்ற உறுப்பினருடையதை 103ஆவது உறுப்பின்படி குடியரசுத் தலைவரும், தேர்தல் ஆணையத்தின் கருத்தின்படி முடிவுசெய்ய வேண்டும். கையாடலுக்கும் லஞ்சத்துக்கும் லஞ்ச ஒழிப்புத் துறை. ஒப்பந்தப்புள்ளி முறைகேட்டுக்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அதில் மேல்முறையீட்டுக்கான காலம் மிகக் குறுகியது, தாமதிக்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டியது

ஒரு எச்சரிக்கையும் தேவை. வலையை விரிக்கும் எந்தச் சட்டமும் முதலில் எளியவர்மீதே வீசப்படும். மத்திய அரசின் கொள்முதல் கொள்கையில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு நிறுவனங்களிடமிருந்து 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்ற இலக்கு உண்டு. கர்நாடகம் குறிப்பிட்ட தொகை வரையிலான ஒப்பந்தங்களில் அவர்களுக்கு இடஒதுக்கீடு தந்துள்ளது. ஒப்பந்தத் தொழிலுக்குள் நம் மக்கள் இப்போதுதான் நுழைகிறார்கள். ஒரு தலித் வேட்பாளரின் அண்ணன் சிறு ஒப்பந்ததாரர் என்பதையே காரணமாக்கி அவரை வெளியேற்ற ஆதிக்கச் சாதியினர் தயங்கமாட்டார்கள். தலித் தலைவர் எவரும் தவறே செய்யமாட்டார் என்றும் நாங்கள் சொல்லவில்லை. அவருடைய மக்களின் குடிநீர்ப் பணத்தை அவர் எடுத்திருந்தால், அவரும் அதே சட்டத்தின்முன் நிற்கத்தான் வேண்டும். உறவையும் கையெழுத்தையும் வைத்து முடிவுசெய்யாமல், பயன் சென்ற தடத்தை வைத்து முடிவுசெய்யும் சட்டமே இருவருக்கும் நீதி செய்யும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. 9ஏ பிரிவில், 1951இல் இருந்த 'நன்மைக்காக வேறொருவர் மூலம்' என்ற சொற்கள் திரும்ப வேண்டும். அமைச்சர்களின் நடத்தை விதி சட்டமாக வேண்டும். அப்போதுதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 203 உயிர்பெறும். தனி ஊராட்சித் தலைவர்மீது பிரிவு 205 நடவடிக்கை தொடங்குமுன், பணம் யாருக்குப் போனது, தலைவர் வற்புறுத்தப்பட்டாரா என்ற இரண்டையும் ஆட்சியர் விசாரித்து எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி வேண்டும். துணைத்தலைவர் காரணமின்றிக் கையெழுத்தை மறுத்தால், குறித்த நாட்களுக்குள் மாற்று ஏற்பாடு தானாகவே நடப்புக்கு வர வேண்டும்.

இவை வரும்வரை இருக்கும் சட்டங்களைக் கொண்டே போராட வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரில் தனி ஊராட்சி இருக்கிறதா? இந்த ஆண்டு அங்கே நடந்த வேலைகளில் ஒன்றே ஒன்றின் பணி ஆணையையும் அளவுப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த வேலையின் பயன் யார் வீட்டில் இருக்கிறது என்று ஊரைக் கேளுங்கள். இரண்டு விடைகளும் வேறாக இருந்தால், ஒரு தலைவர் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கறிஞரைத் தேடி அலையும் முன்பே நீங்கள் அவரைச் சந்தித்துவிடுங்கள்.